விழுந்ததை மறைக்காதீர்கள்
(நம் வளாக மூத்தோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முதலில் மூன்று கேள்விகள். கடந்த ஓராண்டில் ஒரு தடவையாவது விழுந்தீர்களா? நிற்கும்போதோ நடக்கும்போதோ தள்ளாட்டமாக இருக்கிறதா? விழுந்துவிடுவோமோ என்ற பயம் இருக்கிறதா? ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் நீங்கள் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

விழுந்ததைப் பலர் வீட்டில் சொல்வதில்லை. சொன்னால் கோயிலுக்கும் கடைக்கும் தனியாக விடமாட்டார்கள் என்ற கவலை. ஆனால் ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு அதிகம். அடிபடாமல் தப்பித்திருந்தாலும் அது கணக்கில் சேரும்.

பரிசோதனையை வீட்டிலேயே தொடங்கலாம். கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று போடுங்கள். அதிலிருந்து 3 மீட்டரில், அதாவது பத்தடியில், தரையில் ஒரு கோடு. எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்காருங்கள். கைத்தடி வைத்திருப்பவர்கள் அதோடே நடக்கலாம். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு. திரும்பும்போது தடுமாறுகிறீர்களா, சுவரைப் பிடிக்கிறீர்களா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, சுவரோரமாக நின்று, ஒரு காலின் குதிகால் மற்ற காலின் விரல்களைத் தொடும்படி நேர்கோட்டில் வையுங்கள். அப்படியே 10 வினாடி நிற்க முடியாவிட்டாலும் அபாயம்தான். இரண்டையும் தனியாகச் செய்ய வேண்டாம். தாங்கிப் பிடிக்க ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

குறை தெரிந்தால் டாக்டரிடம் போங்கள். படுத்திருக்கும்போதும், எழுந்து நின்ற 1, 3 நிமிடங்களிலும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். நின்றதும் மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அதைக் கவனிக்க வேண்டும். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள். தூக்க மாத்திரை, பிரஷர் மாத்திரை போன்றவையும் தள்ளாட வைக்கலாம். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். கண்ணையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அப்பாவோ அம்மாவோ "விழுந்துட்டேன்" என்றால், "இனிமே வெளியே போகாதீங்க" என்று சொல்லாதீர்கள். உட்கார்ந்தே இருந்தால் கால் தசை இன்னும் பலமிழக்கும். அடுத்த தடவை அவர்கள் சொல்லவும் மாட்டார்கள். "எங்கே, எப்படி விழுந்தீங்க?" என்று கேளுங்கள். பாத்ரூமில் கைப்பிடி பொருத்துங்கள். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை இரவு விளக்கு போடுங்கள். வழுக்கும் மிதியடியை எடுத்துவிடுங்கள். பிசியோதெரபிஸ்டிடம் அழைத்துப்போய் பயிற்சி கற்றுக்கொடுங்கள்.

இன்று எடுத்த வினாடிக் கணக்கைத் தேதியோடு எழுதி வையுங்கள். பயிற்சி பலன் தருகிறதா என்று அடுத்த முறை அதுவே சொல்லும்.