நீங்க எந்த ஏரியா?

(மயிலாப்பூரில் மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிஞர் என்று அறிமுகம் செய்தார்கள். பிழைப்புக்கு நான் வங்கி எழுத்தர். காலையிலிருந்து சாயங்காலம்வரை பேரையும் விலாசத்தையும் சரிபார்க்கிற வேலை. இன்றைக்குக் கவிதை இல்லை. விலாசம் பற்றித்தான் பேச்சு.

சென்னையில் படித்தவர்கள் முகத்துக்கு நேரே சாதி கேட்பதில்லை. 'நீங்க எந்த ஏரியா?' என்று கேட்பார்கள். மந்தைவெளி என்று சொன்னால், 'மந்தைவெளில எங்க?' என்பார்கள். தெருப்பேர் வரும்வரை விடமாட்டார்கள். கிராமத்தில் ஊரா, சேரியா என்று கேட்பதைத்தான் இங்கே இங்கிலீஷ் கலந்து கேட்கிறார்கள்.

இந்தப் பேச்சை எடுத்தால் உடனே மூன்று பதில் வரும். டீக்கடையிலும் வரும், பல்கலைக்கழகக் கருத்தரங்கிலும் வரும். ஒன்று: 'அது சாதிப் பிரச்சினை இல்ல சார், வறுமைப் பிரச்சினை.' இரண்டு: 'அவங்க ஆக்கிரமிச்ச எடம். சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?' மூன்று: 'அவங்க பழக்கவழக்கம் அப்படி. குடி. படிப்புல அக்கறை இல்ல.' மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் வறுமை. சரி, வறுமைதான். அது எங்கிருந்து வந்தது? 1891ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் ஓர் அறிக்கை எழுதினார். பறையர்களுக்கு நிலம் இல்லை என்பது மட்டுமல்ல, குடியிருக்கிற மனைகூடப் பல இடங்களில் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் கிளப்பிவிடலாம் என்ற நிலையை வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு எழுத்தில் வைத்தார். அதையொட்டித்தான் 1892ல் பஞ்சமி நில ஒதுக்கீட்டு ஆணை வந்தது. ஒதுக்கிய நிலமும் கைமாறிப் போனது. அதைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில், 1994 அக்டோபர் 10ந் தேதி செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்கிற இரண்டு தோழர்களை இழந்தோம். மனைகூட இல்லாமல் ஆக்கப்பட்டவர்கள்தான் மூட்டை தூக்கவும், கல் சுமக்கவும், சாக்கடை அள்ளவும் இந்த நகரத்துக்கு வந்தார்கள்.

எல்லோரும் வந்தவர்களும் இல்லை. மயிலாப்பூர், மாம்பலம், நுங்கம்பாக்கம், அடையாற்றங்கரை ஊரூர் எல்லாம் கிராமங்களாக இருந்தவை. கிராமம் என்றால் ஊரும் உண்டு, சேரியும் உண்டு. நகரம் வளர்ந்தபோது ஊர் 'ரோடு' ஆனது, சேரி 'ஸ்லம்' ஆனது. வெள்ளைக்காரன் தன் கோட்டையை வெள்ளையர் பட்டணம் என்றும் மற்றதைக் கறுப்பர் பட்டணம் என்றும் பிரித்தான் என்று பாடத்தில் படிக்கிறோம். அவன் கப்பல் வருவதற்கு முன்பே பிரித்து வைத்திருந்தவர்கள் பற்றி அந்தப் பாடத்தில் ஒரு வரி இல்லை.

பேர் மாறி வந்திருப்பதைப் பாருங்கள். 'சேரி' என்ற சொல்லில் சாதி வெளிப்படையாக இருந்தது. 1970ல் குடிசை மாற்று வாரியம் வந்தது. 'குடிசை'யில் ஓலை மட்டும் இருந்தது. 2021ல் அந்த வாரியத்துக்குத் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பேர் வைத்தார்கள். அதில் ஓலையும் இல்லை. பேர் சுத்தமாகச் சுத்தமாக மனுசன் காணாமல் போகிறான்.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சென்னை மாநகராட்சியில் 13 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள், ஏறத்தாழ நூற்றுக்கு 29 பேர், குடிசைப் பகுதிகளில் இருந்தார்கள். எல்லோரும் தலித்துகள் இல்லை. மீனவர்கள் உண்டு, இஸ்லாமியர் உண்டு, பிற்பட்ட சாதி ஏழைகள் உண்டு. இதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. ஆனால் அங்கே குடியிருக்கிற பிற்பட்ட சாதிக்காரரையும் வெளியே 'சேரி' என்றுதான் திட்டுகிறார்கள். வறுமைக்குச் சாதி இல்லை என்கிறவர்கள், வறுமையைத் திட்டுகிற வசவுக்கு மட்டும் ஏன் சாதி இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

இவர்கள் சொல்கிற 'வறுமை' யாருடையது என்பது 2019லேயே தெரிந்துபோனது. 103வது அரசியல் சட்டத் திருத்தம் ஏழைகளுக்கு என்று சொல்லி 10 சதவீத இட ஒதுக்கீடு கொண்டுவந்தது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குக் கீழே இருந்தால் போதும். ஆனால் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்ட வகுப்பு ஏழைகள் அதில் சேர முடியாது. 2022 நவம்பரில் உச்சநீதிமன்றப் பெரும்பான்மைத் தீர்ப்பு அது செல்லும் என்றது. நான் எழுதிய மாதிரி வங்கித் தேர்வுகளில் இன்றைக்கு இந்த ஒதுக்கீடு நடைமுறையில் இருக்கிறது. மலக்குழியில் இறங்குகிறவர் மகன் அந்தக் கணக்கில் ஏழை இல்லை. மாதம் அறுபதாயிரம் வாங்குகிற உயர்சாதிக்காரர் மகன் ஏழை. 'சாதி இல்ல சார், வறுமை' என்று யாராவது சொன்னால் இந்தத் திருத்தத்தை எடுத்துக் காட்டுங்கள்.

இரண்டாவது, ஆக்கிரமிப்பு. இங்கிருந்து நடக்கிற தூரத்தில் தி.நகர். இந்தியாவிலேயே பெரிய நகைக்கடை, ஜவுளிக்கடை வியாபாரம் நடக்கிற இடங்களில் ஒன்று. நூறு வருசத்துக்கு முன்னால் அது ஏரி. மயிலாப்பூர் ஏரி, நீள ஏரி என்றெல்லாம் சொல்லப்பட்ட பெரிய நீர்நிலை. 1920களில் நீதிக்கட்சி ஆட்சியில் அந்த ஏரியைத் தூர்த்து, மனை போட்டு, பூங்கா வைத்து, தியாகராயச் செட்டியார் பேரில் நகர் உண்டாக்கினார்கள். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976ல் வள்ளுவர் கோட்டம் திறந்தார்கள். பக்கிங்காம் கால்வாய்க்கு உள்ளேயே தூண் இறக்கிப் பறக்கும் ரயில் விட்டார்கள். 1997ல் திருமயிலைக்கு வந்தது, 2007ல் வேளச்சேரிக்குப் போனது. ஏரிக்குள் இருப்பது நகர். கால்வாய்க்குள் நிற்பது வளர்ச்சி. கால்வாய்க் கரையில் பத்துக்குப் பத்து அடியில் இருப்பது மட்டும் ஆக்கிரமிப்பு.

வித்தியாசம் என்ன? தண்ணீர் இல்லை, சுற்றுச்சூழல் இல்லை. காகிதம். ஏரிக்குப் பட்டா எழுத முடிந்தவர்கள் இருந்தார்கள். கரையில் இருந்தவர்களுக்குப் பட்டா எழுத ஆள் இல்லை. அவர்கள் இருந்த நிலத்துக்கு வருவாய்த்துறை வைத்த பேர் புறம்போக்கு. அந்தப் பேரே இந்த ஊரில் மனுசனைத் திட்டுகிற வார்த்தை ஆனது. 'போடா பொறம்போக்கு' என்று சொல்கிறவன் தெரிந்தோ தெரியாமலோ ஒரு நிலப் பதிவேட்டை வாசித்துக் காட்டுகிறான்.

காகிதம் எப்படி வேலை செய்கிறது என்று இன்னும் ஒன்று சொல்கிறேன். 1971ல் தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் மேம்பாடு, அகற்றுதல் சட்டம் வந்தது. குடிசைப் பகுதி என்று அறிவித்துப் பட்டியலில் சேர்த்தால், அடிப்படை வசதி செய்து தரவேண்டும், நினைத்தபடி வெளியேற்ற முடியாது. அந்த வருசம் சென்னையில் 1,202 பகுதிகளை அறிவித்தார்கள். 1985ல் 17 சேர்த்தார்கள். அதற்குப்பின் பல பத்தாண்டுகள் ஒன்றுகூட இல்லை. மக்கள் பெருகினார்கள், குடிசைகள் பெருகின, பட்டியல் மட்டும் அப்படியே நின்றது. பட்டியலில் இல்லாத பகுதிக்குச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. ஒருவனைச் சட்டவிரோதி ஆக்குவதற்கு அவன் எதுவும் செய்ய வேண்டியதில்லை, ஆபீசில் ஒருவர் எழுதாமல் இருந்தால் போதும்.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரத்தில், கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய்க் கரை வீடுகளை இடிக்க வந்தபோது ஒருவர் உடம்பில் தீ வைத்துக்கொண்டு செத்தார். இடித்தது நீதிமன்ற உத்தரவின்படிதான். பல தலைமுறை இருந்த இடம். அவர்களுக்குக் காட்டிய இடம் பெரும்பாக்கம்.

2000லிருந்து கண்ணகி நகரில் 15,000க்கு மேல் வீடு கட்டினார்கள். பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கத்தில் எட்டு மாடி அடுக்குகள். எல்லாம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து மண். டிரமென்ஹீர் நடந்து பார்த்த அதே மண். மனை இல்லை என்று அங்கிருந்து வந்த சனத்தை, நீர்வழிக்கு இடைஞ்சல் என்று சொல்லிப் பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்திலேயே கொண்டுபோய் இறக்கினார்கள். மழை வந்தால் செம்மஞ்சேரியில் தண்ணீர் நிற்கிறது.

அடையாறு, மயிலாப்பூர் வீடுகளில் பாத்திரம் தேய்க்கிற அக்கா காலையில் ஆறு மணிக்கு வந்தாக வேண்டும். கரையில் இருந்தபோது நடந்து வந்தார். இன்றைக்கு இருட்டில் எழுந்து பஸ் பிடிக்கிறார். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பாதியில் மாறியது. ஆறு வீட்டு வேலை மூன்று வீடாகக் குறைந்தது. வீடு கொடுத்தார்கள், வாழ்க்கையை இருபது கிலோமீட்டர் தள்ளி வைத்தார்கள்.

இங்கேதான் என் தொழிலும் வருகிறது. கடன் கொடுக்கிற தொழிலில் 'நெகட்டிவ் ஏரியா' என்று ஒரு பேச்சுவழக்கு உண்டு. எந்தச் சுற்றறிக்கையையும் நான் காட்ட முடியாது. நான் முன்பு வேலை செய்த ஒரு கிளையில் விண்ணப்பத்தைப் பார்த்ததும், 'இந்த ஏரியாவா? ஓரமா வைப்பா' என்பார் அதிகாரி. சம்பளச் சீட்டு இருக்கும், ஜாமீன் இருக்கும், விலாசம் ஒன்றுதான் குறை. கண்ணகி நகர் என்று எழுதினால் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள் என்று, சித்தி வீட்டு விலாசத்தை எழுதுகிற பையன்கள் எத்தனை பேர்! விலாசத்தை மறைக்கிறவனுக்கு அது சாதியை மறைக்கிற மாதிரிதான்.

அமெரிக்காவில் இதற்கு வரைபடமே போட்டார்கள். 1930களில் அரசு வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்று 200க்கு மேற்பட்ட நகரங்களைப் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று தரம் பிரித்தது. கறுப்பின மக்கள் இருந்த பகுதிகள் சிவப்பு. சிவப்பில் இருந்தவனுக்குக் கடன் இல்லை. வெள்ளையன் அரசு உத்தரவாதத்தோடு கடன் வாங்கிப் புறநகரில் வீடு கட்டினான். அந்த வீட்டின் விலை ஏறியது, அதை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்க வைத்தான். 1968ல் சட்டம் போட்டு இந்தப் பாகுபாட்டைத் தடுத்தார்கள். ஆனால் அதற்குள் ஒரு தலைமுறைச் சொத்து ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டது. அந்தப் பிள்ளைதான் பிறகு, 'எங்கப்பா உழைச்சாரு, உங்கப்பா ஏன் உழைக்கல?' என்று கேட்டான். தி.நகரில் 1930ல் மனை வாங்கியவரின் பேரன் இன்றைக்குத் 'தகுதி, திறமை' என்று பேசுவதும் இதே கணக்குத்தான். அவர் உழைத்திருக்கலாம். மனையும் உழைத்தது. அதை அவர் கணக்கில் காட்டுவதில்லை.

சாதியும் நிறவெறியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சாதிக்கு இனக் கோட்பாட்டை வைத்து விளக்கம் சொன்னதை அம்பேத்கரே 1936ல் மறுத்திருக்கிறார். அதே அம்பேத்கர்தான் 1946ல் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா.வுக்குக் கறுப்பின மக்கள் கொடுத்த மனுவின் பிரதி கேட்டார். 2001 டர்பன் மாநாட்டில் சாதியைப் பேசவிடாமல் இந்திய அரசு தடுத்தபோது 'சாதி வேறு, இனம் வேறு' என்றுதான் சொன்னது. வேறுதான். ஒதுக்கிவைத்த இடத்தைக் காட்டி, ஒதுக்கப்பட்டவனையே குற்றவாளி ஆக்குவதில் இரண்டும் வேறில்லை.

மூன்றாவது பதிலும் அங்கே பழைய சரக்குதான். 1965ல் மொய்னிஹன் அறிக்கை, கறுப்பினக் குடும்பம் சிதைந்து கிடப்பதைப் பெரிய காரணமாகக் காட்டியது. வேலை போனது, கடன் மறுத்தது, பள்ளிக்கூடம் பிரித்தது எல்லாம் பின்னால் போய், தகப்பன் இல்லாத வீடு முன்னால் வந்தது. இங்கே 'குடிச்சிட்டுக் கெடக்கறானுங்க' என்கிறார்கள். குடி இருக்கிறது. நம் பெண்கள் அதனால் படுகிற பாட்டை நாம்தான் முதலில் பேச வேண்டும். ஆனால் தெருவுக்குத் தெரு கடை திறந்து, 2003லிருந்து சில்லறை விற்பனையையும் நடத்துவது அரசாங்கம். நகரத்து மலத்துக்குள் முங்கி எழுகிறவன் போதை இல்லாமல் எப்படி இறங்குவான் என்று கேட்டிருக்கிறோமா? கையால் மலம் அள்ளும் வேலைக்குத் தடை 1993ல் வந்தது, 2013ல் மறுபடி வந்தது. சாவு நிற்கவில்லை.

படிப்பில் அக்கறை இல்லையாம்! 1894ல் அடையாறு பக்கம் ஆல்காட் பஞ்சமர் இலவசப் பள்ளி தொடங்கினார், நம் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். 1907ல் ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் பத்திரிகை நடத்தினார். இந்த நகரத்தில் அச்சுக்கோத்துப் பேசிய சனம் நாம். அக்கறை இல்லாமல் இல்லை, அக்கறையோடு போய் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒவ்வொரு முறையும் கிளப்பி விடுகிறார்கள்.

மாணவத் தோழர்களிடம் இரண்டு வேலை கேட்கிறேன். உங்கள் கல்லூரியைச் சுற்றி ஒரு கிலோமீட்டரில் இருக்கிற குடிசைப் பகுதிகள் 1971, 1985 பட்டியலில் இருக்கின்றனவா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இல்லாதவற்றை அறிவிக்கச் சொல்லி அந்த மக்களோடு சேர்ந்து மனுக் கொடுங்கள். வீடு இடிக்கிற நாளில் போய்க் கத்துவது போதாது, இடிப்பதற்கு வழிசெய்கிற காகிதத்தை முன்பே பிடிக்க வேண்டும்.

சொந்த வீடு இருக்கிறவர்கள் உங்கள் வீட்டு மூலப்பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். அந்த மனை முன்பு என்னவாக இருந்தது, ஏரியா, தோப்பா, சேரியா, யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். 'நாங்க யாரையும் ஒடுக்கல' என்று சொல்வதற்கு முன்னால் அதைப் படியுங்கள்.

நம் கோரிக்கை சின்னது. ஊருக்கு வெளியே எட்டாவது மாடி வேண்டாம். வேலை செய்கிற இடத்துக்கு நடந்து போகிற தூரத்தில், இருக்கிற இடத்திலேயே, எங்கள் பேரில் பட்டா. பெண்கள் பேரில் பட்டா. மந்தைவெளியில் இருக்கிறவர் மந்தைவெளியிலேயே இருக்க வேண்டும். அதற்குமேல் அவரை யாரும் 'எந்த ஏரியா' என்று கேட்டுக்கொள்ளட்டும், அவர் தலை நிமிர்ந்து பதில் சொல்வார்.

ஜெய்பீம்.