கையெழுத்துப் போடுவதற்கு முன் கணக்குப் போடுங்கள்

(மாக் மண்டினில் எஸ்பிஎம் மாணவர்களின் பெற்றோர்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து சட்டையைக்கூட மாற்றாமல் சிலர் நேராக வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

எஸ்பிஎம் முடிவு வந்த சில நாள்களில் உங்கள் வீட்டுக்குக் கடிதம் வரும், கைப்பேசி அடிக்கும். "உங்கள் மகள் தேர்வாகியிருக்கிறார். இந்த வாரத்துக்குள் பதிந்தால் கட்டணத்தில் தள்ளுபடி, மடிக்கணினி இலவசம்" என்பார்கள். நீங்கள் விண்ணப்பமே போட்டிருக்க மாட்டீர்கள். விண்ணப்பிக்காத கல்லூரியிலிருந்து இடம் வந்தால் அது பிள்ளையின் திறமைக்குக் கிடைத்த இடம் இல்லை. அது வியாபாரம். பணத்துக்கு என்ன செய்வது என்று நீங்கள் தயங்கினால், "கவலைப்படாதீங்க அம்மா, பிடிபிடிஎன் இருக்கு" என்பார் அந்த முகவர். நாம் கவலைப்பட வேண்டியது அங்கேதான்.

பிடிபிடிஎன் 1997-ஆம் ஆண்டு சட்டத்தின்படி அமைக்கப்பட்ட கடன் நிதி. அது உதவிச் சம்பளம் அல்ல. பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையில் ஏறும் கடன். ஒரு டிப்ளோமாவுக்கு 30,000 ரிங்கிட் எடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகச் செலவு ஆண்டுக்கு 1 விழுக்காடு, நிலையான வீதம். பதினைந்து ஆண்டில் கட்டி முடித்தால் 4,500 கூடுதலாகி மொத்தம் 34,500 ரிங்கிட். மாதம் ஏறக்குறைய 192 ரிங்கிட்.

192 பெரிய தொகையா என்று கேட்பீர்கள். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். டிப்ளோமா முடித்தும் அந்தச் சம்பளத்துக்கே போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சேமநிதிக்கு 187 போய், கடனுக்கு 192 போய், கையில் நிற்பது 1,320 சொச்சம். அதில் மோட்டார் தவணை, சாப்பாடு, வீட்டுக்குக் கொடுப்பது எல்லாம் வர வேண்டும். படிக்காமல் அதே தொழிற்சாலைக்குப் போன பக்கத்து வீட்டுப் பையனுக்கு இந்த 192 இல்லை, மூன்று வருடச் சம்பளமும் கூட. படிப்பு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எந்தப் படிப்பு சம்பளத்தை உயர்த்தும், எது கடனை மட்டும் கொடுக்கும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். பாதியில் நின்றாலும் எடுத்த கடன் எடுத்ததுதான். கட்டாதவர்களை வெளிநாடு போகவிடாமல் குடிநுழைவுத் துறையின் தடைப் பட்டியலில் வைத்திருந்தார்கள். 2018-இல் அந்தத் தடையை நீக்கினார்கள். கடனை நீக்கவில்லை.

தாதியர் படிப்பு நம் எல்லோருக்கும் பாடம். வெள்ளைச் சீருடை, மருத்துவமனை வேலை என்று நம் பெண் பிள்ளைகளை ஆசை ஆசையாக அனுப்பினோம். தனியார் கல்லூரிகள் பெருகின. 2010-இல் தனியாரில் தாதியர் டிப்ளோமா முடித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் சில மாதங்களில் வேலை கிடைக்கவில்லை என்பது 2013-இல் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவரை போன விவகாரம். பிள்ளைகள் சோம்பேறிகள் இல்லை. மருத்துவமனைகள் எடுக்கும் எண்ணிக்கையைவிடக் கல்லூரிகள் சேர்த்த எண்ணிக்கை அதிகம், அவ்வளவுதான். ஆகவே எந்தக் கல்லூரியிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: போன வருடம் இந்தப் படிப்பை முடித்தவர்கள் எத்தனை பேர், இன்று எங்கே வேலை செய்கிறார்கள், என்ன சம்பளம்? கட்டடத்தையும் நீச்சல் குளத்தையும் சுற்றிக் காட்டுவார்கள். கேள்வியை விடாதீர்கள்.

இன்னொன்று, இங்கிருந்து அதிக தூரமில்லாத கெப்பாலா பத்தாஸில் நடந்தது. அலியான்ஸ் மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகக் கல்லூரி பெரிய நிறுவனமாகத்தான் இருந்தது. நிதி நெருக்கடியில் சிக்கி, ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் 2014-இல் மூடப்பட்டது. மாணவர்களை வேறு கல்லூரிகளுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. பெரிய கட்டடம், பெரிய பெயர் என்பதெல்லாம் உத்தரவாதம் இல்லை.

அங்கீகாரத்தை நீங்களே பார்க்கலாம். எம்கியூஏ என்ற தகுதி நிர்ணய அமைப்பு 2007-இலிருந்து இயங்குகிறது. அதன் பதிவேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கல்லூரியின் பெயரை மட்டும் தேடாதீர்கள். அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. ஒரே கல்லூரியில் ஒரு படிப்புக்கு முழு அங்கீகாரமும் இன்னொன்றுக்குத் தற்காலிக அனுமதியும் இருக்கலாம். தற்காலிகம் என்றால் மோசடி என்று அர்த்தமில்லை, புதிய படிப்பாக இருக்கலாம். ஆனால் அங்கே முதல் கோஷ்டியாகப் போய் நிற்பது உங்கள் பிள்ளை.

சரி, குறைந்த செலவில் வேறு வழி உண்டா? உண்டு. எல்லாக் கதவும் நமக்குத் திறந்திருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெர்மாத்தாங் பாவில் யுஐடிஎம் இருக்கிறது, அது பூமிபுத்ராக்களுக்கானது. கெப்பாலா பத்தாஸில் பினாங்கு மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது. மெட்ரிகுலேஷனில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு, மிச்சம் 10 விழுக்காட்டைத்தான் மற்ற எல்லாரும் பங்கு போட வேண்டும். 2019-இல் இடங்களை 25,000-லிருந்து 40,000 ஆக்கியபோதும் இந்த விகிதம் மாறவில்லை. 10 ஏ அல்லது அதற்கு மேல் எடுத்தால் எந்த இனமானாலும் மெட்ரிகுலேஷனில் இடம் என்று 2024-இல் அரசாங்கம் அறிவித்தது. நல்லது. ஆனால் 7 ஏ, 8 ஏ எடுத்த தொழிலாளியின் பிள்ளை பழைய வரிசையில்தான் நிற்கிறது. அந்தப் பிள்ளைக்காக நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேட்கும் அதே நேரத்தில் விண்ணப்பமும் போட வேண்டும். போடாத விண்ணப்பத்துக்காக யாரும் போராட முடியாது.

ஆறாம் படிவத்தை நம் பிள்ளைகள் ஒதுக்குகிறார்கள். நண்பர்கள் கலர் சட்டையில் கல்லூரிக்குப் போக, தான் மட்டும் இன்னும் பள்ளிச் சீருடையா என்ற வெட்கம். எஸ்டிபிஎம் கஷ்டம் என்பது உண்மைதான். மூன்று பருவம், உட்கார்ந்து படிக்க வேண்டும். ஆனால் செலவு மிகக் குறைவு, பிள்ளை வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டே படிக்கலாம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் அந்தச் சான்றிதழை ஏற்கின்றன. படிப்பில் ஊன்றி நிற்கக்கூடிய பிள்ளைக்கு இதைவிட மலிவான பாதை இந்த நாட்டில் இல்லை என்பது என் கருத்து.

புத்தகத்தைவிடக் கையால் செய்வதில் ஆர்வமுள்ள பிள்ளை என்றால் செபராங் பிறை போலிடெக்னிக்கைப் பாருங்கள். பெர்மாத்தாங் பாவ்தான், மோட்டாரில் போய் வரும் தூரம். கட்டணம் ஒரு பருவத்துக்கு 200 ரிங்கிட். ஆறு பருவம் என்றாலும் 1,200 ரிங்கிட். சில தனியார் கல்லூரிகளில் பதிவு, வைப்புத் தொகை என்று முதல் நாளே இவ்வளவு வாங்கிவிடுவார்கள். போலிடெக்னிக் டிப்ளோமாவோடு நல்ல மதிப்பெண் இருந்தால் பெர்லிஸில் உள்ள யூனிமேப் போன்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாம். நிபோங் திபாலில் நம்மவரான ஆறுமுகம் பிள்ளையின் பெயரைத் தாங்கி ஒரு தொழிற்பயிற்சிக் கழகமே இருக்கிறது. அது இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

தனியார் கல்லூரியே கூடாது என்று நான் சொல்லவில்லை. அரசாங்கத்தில் இடமே கிடைக்காமல், பிள்ளை விரும்பும் படிப்பு அங்கே மட்டும் இருந்தால் போகத்தான் வேண்டும். அப்போது விளம்பரத்தில் உள்ள கட்டணத்தை நம்பாமல் மூன்று வருட மொத்தச் செலவையும் எழுத்தில் வாங்குங்கள்: தேர்வுக் கட்டணம், ஆய்வுக்கூடம், விடுதி, பஸ், பாதியில் விலகினால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதுவரை. பெண் பிள்ளையைத் தூரமாக அனுப்ப மனமில்லாமல், அரசாங்கப் பல்கலைக்கழக இடத்தை விட்டுவிட்டுப் பக்கத்துக் கல்லூரியில் சேர்க்கும் குடும்பங்கள் உண்டு. அந்தப் பயத்தின் விலை இருபதாயிரம், முப்பதாயிரம். அதைக் கட்டப்போவது அந்தப் பெண்தான்.

சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் எடுக்கலாம். நகையை அடகு வைப்பதற்கு முன் அதைப் பற்றி விசாரியுங்கள். பினாங்கு இந்து அறவாரியமும் கல்வி உதவி வழங்குகிறது. பொதுப் பல்கலைக்கழகம், போலிடெக்னிக் இடங்களுக்கு யுபியு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மெட்ரிகுலேஷனுக்கு விண்ணப்பம் தனி. இடம் கிடைக்கவில்லை என்றால் மேல்முறையீடு செய்து, அதன் நகல் ஒன்றை எங்களிடம் கொடுங்கள். எத்தனை பேர் தகுதி இருந்தும் தள்ளப்பட்டார்கள் என்று பெயரோடும் மதிப்பெண்ணோடும் காட்டினால்தான் எங்களால் பேச முடியும்.

கல்லூரிப் பாரங்களைக் கையோடு கொண்டு வந்திருக்கிறவர்கள் இன்னும் கையெழுத்துப் போடாமல் இருந்தால் அந்த ஓரத்து மேசைக்கு வாருங்கள். கணினி இருக்கிறது. பதிவேட்டில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று இப்போதே சேர்ந்து பார்த்துவிடலாம். பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.