கரணியம் கேட்கும் உரிமை

(மாந்தவுரிமை நாளையொட்டி நிகழ்ந்த திங்கட் கூட்டத்தில் ஆற்றிய பொழிவு)



தமிழாசிரியனாகிய என்னை இன்று செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசுக எனத் தலைவர் பணித்துள்ளார். இலக்கணம் கற்பிப்பவனுக்கும் இந்தப் பொறிக்கும் என்ன உறவு என்று உங்களுள் சிலர் எண்ணலாம். பொறியின் உள்ளமைப்பை விளக்க நான் வரவில்லை; அஃது அத்துறை வல்லுநரின் பணி. அப்பொறி ஒரு மாந்தனைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்போது அவனுக்கு என்ன உரிமை எஞ்சி நிற்கிறது என்பதே என் பேச்சு. அது வல்லுநர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. தலையில் தீர்ப்பு விழக்கூடிய எல்லார்க்கும் உரிய செய்தி.

பல்லாண்டுகட்கு முன் என் வகுப்பில் நிகழ்ந்ததொன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். அரையாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்திக் கொடுத்த மறுநாள் மாணவன் ஒருவன் என்முன் வந்து நின்றான். "ஐயா, எனக்கு 31 மதிப்பெண் போட்டிருக்கிறீர்கள். ஏனென்று தெரியவில்லை ஐயா" என்றான். குரலில் நடுக்கம், ஆயினும் கேட்டுவிட்டான். எனக்குச் சினம் பொங்கியது. தாளை வாங்கிப் புரட்டினேன். நடுவில் இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றை நான் பிரித்துப் பார்க்கவேயில்லை! திருத்திக் கூட்டியபோது 46 ஆயிற்று. அவன் கேளாதிருந்தால் தோற்றவனாகவே போயிருப்பான். அவன் கேட்டும், விடை சொல்ல வேண்டியவன் நான் என்ற கடப்பாடு எனக்கில்லாதிருந்தால், அப்போதும் தோற்றவனாகவே போயிருப்பான். இவ்விரண்டையும் நெஞ்சில் இருத்திக்கொள்ளுங்கள். கேட்கும் உரிமை ஒன்று. விடைசொல்லும் கடப்பாடு மற்றொன்று.

செயற்கை நுண்ணறிவு என்பது யாது? முன்னர்த் திரட்டிய பெருந்தரவுகளைப் பயின்று, அவற்றுள் பொதிந்துள்ள ஒழுங்குகளைக் கண்டு, புதிதாக வரும் ஒருவரைப் பற்றியோ ஒன்றைப் பற்றியோ 'இஃது இன்னதாக இருக்கக்கூடும்' என மதிப்பிடும் கருவி. இன்று கட்டுரை எழுதுவதும் படம் வரைவதும் அதன் வேறு தொழில்கள். ஆனால் மாந்தனின் வாழ்வைத் தொடும் இடம், அவன்மேல் எண் குறிக்கும் இடமேயாகும். இவனுக்குக் கடன் கொடுக்கலாமா? இவளை வேலைக்கு அழைக்கலாமா? இவன் ஏமாற்றுகிறவனா? இவ்வினாக்களுக்கு அப்பொறி தருவது எண், கரணியம் அன்று. எண்ணுக்கும் கரணியத்துக்கும் உள்ள தொலைவில்தான் மாந்தன் நசுங்குகிறான்.

இது வெறுங்கற்பனையா? இல்லை. நெதர்லாந்தைப் பாருங்கள். நம் பழவேற்காட்டிலும் நாகையிலும் கோட்டை கட்டி வாணிகம் செய்த ஒல்லாந்தரின் நாடுதான் அது. செல்வம் மிக்க நாடு. சட்ட ஒழுங்குக்குப் பெயர்பெற்ற நாடு. அங்கே வேலைக்குச் செல்லும் பெற்றோர்க்குக் குழந்தைக் காப்பகச் செலவின் ஒரு பகுதியை அரசு உதவித்தொகையாகத் தருகிறது. 2013 ஆம் ஆண்டு முதல், எந்த விண்ணப்பங்கள் ஐயத்திற்குரியவை எனப் பிரித்தெடுக்க, தானே பயின்று தேரும் பொறியமைப்பொன்றை வரித்துறை பயன்படுத்தியது. விண்ணப்பித்தவர் அந்நாட்டுக் குடியுரிமை உடையவரா அல்லரா என்பதும் அம்மதிப்பீட்டில் ஒரு கூறாக இருந்தது!

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குக. பொறி ஒருவரைச் சுட்டியவுடன், அவருடைய விண்ணப்பத்தை அலுவலர் ஒருவர் ஆராய்வார். 'மாந்தன்தானே இறுதியில் பார்க்கிறான்' என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் பொறி ஏன் இவரைச் சுட்டியது என்னும் செய்தி அவ்வலுவலர்க்கே தரப்படவில்லை என்று, அம்னெசுட்டி எனும் மாந்தவுரிமை இயக்கம் 2021 இல் வெளியிட்ட ஆய்வறிக்கை கூறுகிறது. கரணியம் அறியாத அலுவலர் யாரை ஆராய்வார்? எதை ஆராய்வார்? பொறிக்குக் கையாக இருந்தாரேயன்றி, அதற்கு மேலாளராக அவர் இருக்கவில்லை.

பழி முழுவதையும் பொறியின்மேல் ஏற்றுவது உண்மையாகாது. சட்டத்தை அத்துறை கையாண்ட முறையும் கொடியது. ஒரு கையொப்பம் விடுபட்டாலும், பெற்றோர் தம் பங்கில் ஒரு சிறுதொகை கட்டத் தவறினாலும், அவ்வாண்டு பெற்ற உதவி முழுவதையும் திருப்பிக் கட்டுக என்றது. பல்லாயிரம் யூரோக்களைக் கட்டச் சொல்லி மடல் வந்தது. ஏழைக் குடும்பங்கள் எங்கே போகும்? வீட்டை இழந்தோர் உளர். வேலையை இழந்தோர் உளர். மணவாழ்வு முறிந்தோர் உளர். அயல்நாட்டு வழியினர் இதில் மிகுதியாகச் சிக்கினர். பொறி ஐயத்தை விதைத்தது. சட்டம் அதை அறுவடை செய்தது.

'நான் செய்த குற்றம் யாது?' என்று அப்பெற்றோர் கேட்டனர். தங்கள் கோப்பைக் காட்டுக என்றனர். கோப்புகளும் வந்தன, ஆனால் பக்கம் பக்கமாக எழுத்துகள் மேல் மை பூசி, கறுத்த தாள்களாக வந்தன! 2019 இல் உலகம் அக்கறுத்த தாள்களைக் கண்டது. கரணியம் கேட்டவர்க்கு ஓர் அரசு கொடுத்த விடை அது.

வழக்குரைஞர், இதழாளர், நாடாளுமன்ற உறுப்பினர் சிலர் ஆகியோர் விடாது கேட்டனர். 2020 திசம்பரில் நாடாளுமன்ற ஆய்வுக்குழு, இதுகாறும் காணாத முறைகேடு என்னும் பொருள்படும் தலைப்பில் அறிக்கை தந்தது. சட்டஆட்சியின் அடிப்படைகளே மீறப்பட்டன என அது கண்டது. 2021 சனவரி 15 ஆம் நாள் மார்க் உரூட்டே தலைமையிலிருந்த அமைச்சரவை பதவி விலகியது. அவ்வாண்டு இறுதியில், குடியுரிமைத் தரவை முறையின்றிக் கையாண்டதற்காக வரித்துறைக்குத் தரவுக்காப்பு ஆணையம் 27 இலக்கத்து 50 ஆயிரம் யூரோ தண்டம் விதித்தது. தேர்தலுக்குப்பின் அதே உரூட்டே மீண்டும் தலைமையமைச்சரானார் என்பதையும் சொல்லாமல் விட்டால் வரலாறு முழுமையாகாது. அரசுகள் மீண்டெழும், இழந்த ஆண்டுகளை அக்குடும்பங்களுக்கு யார் மீட்டுத் தருவார்?

அதே நாட்டில் நம்பிக்கை தரும் செய்தியும் ஒன்று உண்டு. 'சிரி' என்னும் மற்றொரு அமைப்பு, பல அரசுத் துறைகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து, உதவித்தொகை, வரி ஆகியவற்றில் ஏமாற்றக்கூடியவர் யாவர் எனச் சுட்டியது. ஏழை மக்கள் வாழும் பகுதிகளிலேயே அது கையாளப்பட்டது. மக்கள் இயக்கங்கள் வழக்குத் தொடுத்தன. ஒன்றிய நாடுகள் அவையின் வறுமைபற்றிய தனி ஆய்வாளராக இருந்த பிலிப் ஆல்சுட்டன் தம் கருத்தை எழுதி மன்றத்துக்கு விடுத்தார். 2020 பிப்பிரவரி 5 ஆம் நாள் ஏக் மாவட்ட முறைமன்றம், இவ்வமைப்புக்கான சட்டம் ஐரோப்பிய மாந்தவுரிமை உடன்படிக்கையின் 8 ஆம் உறுப்பை, அதாவது தனிவாழ்வுக்குரிய உரிமையை, மீறுகிறது எனத் தீர்த்தது. அமைப்பு எவ்வாறு முடிவு செய்கிறது என்பதை எவரும் ஆய்ந்து பார்க்க இயலாமையும் அத்தீர்ப்பிற்கு ஓர் அடிப்படை.

எண்ணிப் பாருங்கள்! அவ்வுடன்படிக்கை 1950 இல் உரோமையில் கையொப்பமானது. அதனை எழுதியோர் இப்பொறியைக் கனவிலும் கண்டிலர். ஆயினும் எழுபது ஆண்டுகள் கழித்து அவர்தம் எழுத்து ஒரு பொறியைத் தடுத்து நிறுத்தியது. உலக உடன்படிக்கைகள் வெறுந்தாள்கள் என்பார்க்கு இதுவே விடை. கேட்க மக்களும் தீர்க்க மன்றமும் இருந்தால் தாளும் வாளாகும்.

இனி, இப்பொறிக்கென்றே உலகம் செய்துள்ள முயற்சிகளைக் காண்போம்.

2021 நவம்பரில் யுனெசுகோவின் 193 உறுப்பு நாடுகள், செயற்கை நுண்ணறிவின் அறநெறி பற்றிய பரிந்துரையை ஏற்றன. இந்தியாவும் அவற்றுள் ஒன்று. 2024 மார்ச்சு 21 ஆம் நாள் ஒன்றிய நாடுகளின் பொதுப்பேரவை, மாந்தன் நேரில் பெற்றுள்ள உரிமைகள் இப்பொறியுலகிலும் காக்கப்பட வேண்டும் என வாக்கெடுப்பின்றித் தீர்மானித்தது. 2025 ஆகசுடில், பொறியின் விளைவுகளை ஆய்ந்து உரைக்க 40 அறிஞர் கொண்ட குழுவொன்றை அமைக்க முடிவு செய்தது. இவை நற்சொற்கள், ஆனால் பரிந்துரையை மீறினாரை ஒறுப்பார் இலர்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமோ பல்லுடையது. 2024 ஆகசுடு 1 ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அது, பொறிகளை அவற்றால் விளையும் இடருக்கேற்ப வகைப்படுத்துகிறது. மக்களின் நடத்தைக்கு மதிப்பெண் இட்டு அவர்களை ஒதுக்குதல் போன்ற சிலவற்றை அறவே தடுக்கிறது. அத்தடை 2025 பிப்பிரவரி முதல் பொருந்துகிறது. தடையை மீறும் நிறுவனத்துக்கு 3 கோடியே 50 இலக்கம் யூரோ வரை, அல்லது அதன் உலக வருவாயில் 7 விழுக்காடு வரை தண்டம். மிக்க இடர் உடையவை என அச்சட்டம் பட்டியலிடும் பொறிகளை வைத்து எடுத்த முடிவால் தாக்குண்டவர், அதில் பொறியின் பங்கு யாது என்று விளக்கம் கேட்கும் உரிமையும் அதில் உண்டு. என் மாணவன் கேட்ட வினா சட்டமாகியிருக்கிறது! ஆனால் அவ்விடர்மிக்க பொறிகளுக்கான விதிகளைத் தள்ளிப்போட 2025 நவம்பரில் ஐரோப்பிய ஆணையமே முன்மொழிந்தது. பெருநிறுவனங்களின் நெருக்குதல் எத்துணை வலியது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

மூன்றாவது, ஐரோப்பிய மன்றத்தின் உடன்படிக்கை. ஐரோப்பிய ஒன்றியம் வேறு. 46 நாடுகள் கொண்ட இம்மன்றம் வேறு. செயற்கை நுண்ணறிவையும் மாந்தவுரிமையையும் பற்றி, நாடுகளைச் சட்டத்தாற் கட்டும் முதல் உலக உடன்படிக்கை இது. 2024 செப்தம்பர் 5 ஆம் நாள் இலித்துவேனியாவின் வில்னியசு நகரில் கையொப்பத்துக்கு வைக்கப்பட்டது. ஐரோப்பாவிற்கு அப்பாலுள்ள நாடுகளும் சேரலாம். அமெரிக்கா முதல்நாளே கையொப்பமிட்டது. தாக்குண்டவர் முறையிட வழியிருத்தல் வேண்டும் என்றும், முடிவை எதிர்த்துக் கேட்கப் போதிய செய்தி அவர்க்குக் கிடைத்தல் வேண்டும் என்றும் அது கூறுகிறது.

நல்லது. ஆனால் வேலியில் இரண்டு இடைவெளிகள் உள. நாட்டுப் பாதுகாப்பு என்று ஓர் அரசு சொல்லிவிட்டால், அச்செயல்களுக்கு இவ்வுடன்படிக்கையைப் பொருத்த வேண்டிய கட்டாயமில்லை. படைத்துறையோ முற்றிலும் புறத்தே நிற்கிறது. தனியார் நிறுவனங்களை இவ்வுடன்படிக்கையின் விதிகளாலேயே கட்டுவதா, வேறு வழிகளால் கட்டுவதா என்பதை ஒவ்வொரு நாடும் தானே தேர்ந்துகொள்ளலாம். பொறியைச் செய்வோர் பெரும்பாலும் தனியார். அதனை அச்சமூட்டும் வகையில் ஆள வல்லவை காவலும் படையும். வேலி எங்கே உயர வேண்டுமோ அங்கேயே தாழ்ந்திருக்கிறது!

நாடுகளின் உறுதியும் நிலையானதன்று. 2023 நவம்பரில் இங்கிலாந்தின் பிளெட்ச்லியில் 28 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் கூடி, இடரை எண்ணி ஒருமித்து அறிக்கை விடுத்தன. ஓராண்டும் சில திங்களும் கழிந்து, 2025 பிப்பிரவரியில் பாரிசு மாநாட்டு அறிக்கையில் அமெரிக்காவும் இங்கிலாந்தும் கையொப்பமிட மறுத்தன. போட்டியில் பின்தங்கிவிடுவோம் என்னும் அச்சம், மாந்தன் நசுங்குவான் என்னும் அச்சத்தை வென்றுவிட்டது.

'கட்டுப்பாடு மிகுந்தால் புத்தாக்கம் நின்றுவிடும்' என்பார் உளர். அவர் கூற்றில் சிறிதும் உண்மையில்லை என்று நான் சொல்லேன். நோயைக் காண்பதில் மருத்துவர்க்குத் துணையாகும் பொறியை யார் வெறுப்பார்? பொறியை ஒழிக்க வேண்டும் என்பதன்று நம் வேண்டுகை. மாந்தன்மேல் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் மூன்று வேண்டும் என்பதே. உன்னை மதிப்பிட்டது பொறி என அவனுக்குச் சொல்லுக. ஏன் அவ்வாறு மதிப்பிட்டது என விளக்குக. விளக்கம் தவறாயின் அம்முடிவை மாற்றும் ஆற்றலுடைய ஒருவரை, பெயரும் பொறுப்பும் உடைய ஒருவரை, அவன் முன் நிறுத்துக. இம்மூன்றையும் தர இயலாத பொறியை அவ்விடத்தில் வையாதே. எந்த உடன்படிக்கையையும் இவ்வுரைகல்லில் உரைத்துப் பாருங்கள். பொன்னும் பித்தளையும் தெரிந்துவிடும்.

நிறைவாக ஒன்று. பாண்டியன் கோவலனைக் கொல்லச் சொன்னது, பொற்கொல்லன் சொல்லை ஆராயாது நம்பியதால். அது பெரும்பிழை. ஆயினும் கண்ணகி வந்தபோது வாயில் திறந்தது, அரசன் செவிகொடுத்தான், சிலம்பு உடைக்கப்பட்டது, பிழை தன்னுடையது என உணர்ந்து அவன் உயிர் துறந்தான். அவள் கேட்க ஓர் அவை இருந்தது; விடைசொல்ல ஓர் அரசன் இருந்தான். கறுத்த தாளைக் கையிலேந்தி நின்ற அந்த ஒல்லாந்துத் தாய் எந்த வாயிலுக்குச் செல்வாள்? எவர்முன் தன் சிலம்பை உடைப்பாள்?

அவ்வாயிலை அமைப்பதுதான் இவ்வுடன்படிக்கைகளின் பணி. அதனைத் திறந்தே வைத்திருப்பது கேட்கும் மக்களின் பணி. நாளை உங்களுள் ஒருவர்க்குக் கடனோ வேலையோ உதவியோ மறுக்கப்பட்டு, 'கணிப்பொறி அப்படித்தான் சொல்கிறது' என்று ஒருவர் கைவிரித்தால், தலைகுனிந்து திரும்பி வாராதீர்கள். நடுக்கத்தோடேனும் கேளுங்கள்: "ஏன்?"