விவாகரத்து வழக்கில் சொத்துக் கணக்கு

பிழைப்பின் நிமித்தம் பம்பாயிலும் டில்லியிலும் குடியேறிய நம் குடும்பங்களில், சம்பளம் ஓரிடத்தில் வரும். நிலமும் வீடும் ஊரில் இருக்கும். மணவாழ்வு முறிந்து வழக்கு மன்றம் ஏறும் நாளில், கணவனுக்குள்ள பொருள் எவ்வளவு என்பதைப் பல மனைவியர் அறியார். அறியாதவர் எவ்வளவு ஜீவனாம்சம் கேட்பது?

இதற்கு உச்ச நீதிமன்றம் 2020 நவம்பர் 4-ஆம் நாள் தீர்ப்பொன்றில் வழி வகுத்தது. ஜீவனாம்சம் கோரப்படும் வழக்குகளில் இரு தரப்பாரும் தத்தம் வருமானம், சொத்து, கடன், செலவு ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் தெரிவித்தல் வேண்டும். எதிர்த்தரப்பார்க்குரிய தவணை நான்கு வாரத்திற்கு மேற்படலாகாது. கணக்கில் ஐயம் எழுந்தால், எழுத்து மூலம் வினாக்கள் விடுக்கவும், ஆவணங்களைக் கொணரச் செய்யவும் நீதிமன்றத்தின் அனுமதியை வேண்டலாம். பொய்யுரைத்தவர் மீது நீதிமன்றம் நடவடிக்கை எடுக்கலாம்.

ஒன்றை மறத்தலாகாது. இந்தக் கணக்கு சொத்தைச் சரிபாதியாகப் பங்கிடுவதற்கு ஏற்பட்டதன்று. ஜீவனாம்சத்தின் அளவை நிர்ணயிப்பதற்கே ஏற்பட்டது. மனைவியும் தன் சம்பாத்தியத்தை ஒளிக்காமல் எழுதக் கடமைப்பட்டவள்.

ஆகவே, உறவினர் கூடிச் சமரசம் பேசும்போதும், ஊர்ச் சொத்து உட்பட முழுக் கணக்கையும் முதலில் கேட்போம், கண்டபின் கையொப்பமிடுவோம். அவசரத்தில் இட்ட கையொப்பம் குழந்தைகளின் படிப்பையும் சோற்றையும் குறைத்துவிடக் கூடும்.