முன்றிலுக்கு வந்த முயல்



பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இலக்கிய வட்டத்தின் மேடையில் காப்பியங்களைப் பற்றியும் புலவர் பெருமக்களைப் பற்றியும் உரை நிகழ்வது மரபு. இவ்வுரைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பொருளோ ஒரு சிற்றுயிர். கைவிடப்பட்டோ காயம்பட்டோ மனிதன் கைக்கு வந்து சேரும் முயலை வீட்டில் வைத்துக் காப்பது பற்றியது. திரிகூட மலையின் வானரங்களைப் பாட்டில் ஏற்றிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் மண் இது. ரசிகமணி டி.கே.சி. தம் பிற்காலத்தைத் தமிழ்க் கவிதையின் சுவையோடு கழித்த ஊர் குற்றாலம். இங்கே ஒரு முயலுக்காகச் சிறிது நேரம் ஒதுக்குவதைக் கவிஞர்கள் மிகையாகக் கருதமாட்டார்கள்.

சங்கப் புலவர்களுக்கு முயல் நன்கு அறிமுகமான உயிர். புறநானூற்றின் 333ஆம் பாடல் அதன் உருவத்தை ஓவியம்போல் தீட்டுகிறது. மழைத்துளி விழுந்த நீரில் எழும் குமிழியைப் போன்று புடைத்த விழிகள், பெரிய செவிகள், கருமை படர்ந்த பிடரி. ஊருக்குள்ளே இருக்கும் சிறு புதர்களில் அது துள்ளித் திரிகிறது. பாடியவரின் பெயர் கிடைக்கவில்லை. அவருடைய பார்வையின் கூர்மை மட்டும் கிடைத்திருக்கிறது. இந்தியக் காட்டுமுயலுக்கு விலங்கியலார் 1823ஆம் ஆண்டில் சூட்டிய இலத்தீன் பெயர் 'லெபஸ் நைக்ரிகோலிஸ்'. கருங்கழுத்து முயல் என்பது அதன் பொருள். ஐரோப்பிய அறிஞர் கண்டு பெயரிட்ட அடையாளத்தைத் தமிழ்ப் புலவர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு தொடரில் பதிவு செய்துவிட்டார்.

அகநானூற்றின் 284ஆம் பாடலில் இடைக்காடனார் காட்டும் முயல் மனிதருக்கு இன்னும் நெருங்கி வருகிறது. நெல்லிக்காய் போன்ற கண்களையுடைய அச்சிறு முயல் வரகின் இளங்கதிரைத் தின்று, ஒடுங்கிக் கிடந்து உறங்கி, விழித்தெழுந்து, தன் துணையோடு வந்து, சிற்றூர் வீட்டு முன்றிலில் உள்ள சிறிதளவு நீரைக் கண்டு அருந்துகிறது. வீட்டார் அதைப் பிடித்ததாகவோ விரட்டியதாகவோ குறிப்பில்லை. காட்டுக்கும் வீட்டுக்கும் இடையே அமைந்த முன்றில் இரண்டு தரப்புக்கும் பொதுவாக இருக்கிறது.

இதனைக் கொண்டு சங்கத் தமிழர் முயலைக் கொல்லாதவர் என்று முடிவு கட்டுவது பொருந்தாது. புறநானூற்றின் 319ஆம் பாடலில் ஆலங்குடி வங்கனார் காட்டும் வறிய மனை, வந்த பாணனுக்குச் சுட்ட முயற்கறியேனும் தருவதாகச் சொல்லி வரவேற்கிறது. அதே பாடலில், காட்டு ஆவின் தலை நடுங்கும் இளங்கன்றைச் சிறுவர்கள் வீட்டுக் கன்று என்று எண்ணிப் பூட்டி விளையாடுகிறார்கள். ஓர் உயிர் உணவாகிறது. இன்னோர் உயிர் விளையாட்டுத் துணையாகிறது. அந்தக் கன்றின் தலை நடுங்குவதையும் புலவர் காணத் தவறவில்லை. சிறுவர்களின் அன்பு உண்மையானது. கன்றின் நடுக்கமும் உண்மையானது. காட்டுயிரை வீட்டில் வளர்ப்பதன் சிக்கல் முழுவதும் அந்த ஒரு காட்சியில் அடங்கியிருக்கிறது.

பழனி மலைத் தலைவன் பேகன் மயிலுக்குப் போர்வை அளித்த செய்தி அனைவரும் அறிந்தது. அவன் கொடையைப் பாடிய பரணர் புறநானூற்றின் 142ஆம் பாடலில் அதனைக் கொடைமடம் என்னும் சொல்லால் சிறப்பிக்கிறார். பெறுவோர்க்கு அது பயன்படுமா என்று ஆராயாமல் கொடுப்பது கொடைமடம். கொடையில் அந்த மடம் அழகு. போர்வையால் மயிலுக்கு நன்மை இல்லை, தீமையும் இல்லை. ஆனால் உயிர் வளர்ப்பில் அதே மடம் உயிரைப் போக்கிவிடும். முயலின் வகையில் அது நாள்தோறும் நிகழ்கிறது. அதற்கு ஒரு காரணம் மொழியிலேயே இருக்கிறது.

தமிழில் முயல் என்ற ஒரே சொல் இருவேறு உயிரினங்களைக் குறிக்கிறது. ஒன்று சங்கப் பாடல்கள் பேசும் காட்டுமுயல். அது வளை தோண்டுவதில்லை. புல்லிடையே பள்ளம் போன்ற படுக்கை அமைத்துப் பெரும்பாலும் தனித்து வாழ்வது. அதன் குட்டி பிறக்கும்போதே உடல் முழுதும் மயிரோடும் திறந்த கண்களோடும் பிறக்கிறது. மற்றொன்று கூண்டுகளில் காணும் வெள்ளை, சாம்பல், புள்ளி நிற வளர்ப்புமுயல். அது ஐரோப்பாவின் தென்மேற்கே, ஐபீரியத் தீபகற்பத்தில் வளைகளில் கூட்டமாக வாழ்ந்த முயலின் வழிவந்தது. அதன் குட்டி மயிரின்றி, கண் திறவாமல் பிறக்கிறது. காட்டுமுயலுக்கு 48 குரோமோசோம்கள், வளர்ப்புமுயலுக்கு 44. இரண்டும் இணைந்து இனம் பெருக்க இயலாது. வளர்ப்புமுயல் இனத்தைக் 'குழிமுயல்' என்று பிரித்துச் சொல்வாரும் உண்டு. எனினும் அப்பெயர் பேச்சு வழக்கில் வேரூன்றவில்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் இரக்கமும் ஒரே வகையாக நடந்துகொள்கிறது. காட்டில் விட வேண்டியதைக் கூண்டில் அடைக்கிறது. வீட்டில் காக்க வேண்டியதைக் காட்டில் விடுகிறது.

முதலில் காட்டுமுயலைக் காண்போம். தென்காசியைச் சுற்றியுள்ள மானாவாரி நிலங்களிலும் புதர்க்காடுகளிலும் களை எடுக்கும்போதும் அறுவடையின்போதும் தனியே கிடக்கும் முயல்குட்டி கண்ணில் படுவதுண்டு. பார்ப்பவர் தாயற்றது என்று எண்ணி எடுத்து வருகிறார். உண்மையில் அதற்குத் தாய் உண்டு. பகைவிலங்குகள் மோப்பம் பிடித்து வராதிருக்கும்பொருட்டுத் தாய்முயல் பகலில் குட்டியை விட்டு விலகியே இருக்கும். இருள் சூழும் நேரத்தில் வந்து, சிறிது நேரம் பாலூட்டிவிட்டு மீண்டும் அகன்றுவிடும். அசையாமல் கிடப்பதே குட்டியின் தற்காப்பு. அந்த அசைவின்மையை அநாதைத்தனம் என்று கருதி வீட்டுக்குக் கொண்டுவந்து பசும்பால் புகட்டினால் வயிற்றுப்போக்கு உண்டாகும். கொடுத்தவர் அன்போடு பார்த்துக்கொண்டிருக்கும்போதே குட்டி இறந்துபோகும். மனிதக் கை பட்ட குட்டியைத் தாய் சேர்க்காது என்ற அச்சம் வேண்டுவதில்லை. எடுத்த இடத்திலேயே, புல் மறைவில், திரும்ப வைத்துவிடுவதே அதற்குச் செய்யக்கூடிய பேருதவி.

சட்டமும் இதனையே வேண்டுகிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுமுயலைப் பிடிப்பதும் அடைத்து வளர்ப்பதும் குற்றம். அடிபட்டதாகக் கிடைத்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறை அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். அதனை வீட்டுச் செல்லமாக்க வழியில்லை.

வளர்ப்புமுயலின் கதை வேறு. கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் உள்ள நடுவண் ஆராய்ச்சி நிலையத்தில் இறைச்சிக்கென 'சோவியத் சின்சில்லா', 'ஒயிட் ஜயண்ட்' போன்ற இனங்கள் வளர்க்கப்படுகின்றன. நகரங்களில் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள்போல் முயல்குட்டிகள் விற்கப்படுகின்றன. குழந்தைக்கு ஆர்வம் தீர்ந்தபின்போ, முயல் வளர்ந்து மின்கம்பியைக் கடிக்கத் தொடங்கியபின்போ, அதனை மலையடிவாரத்தில் விட்டுவிட்டால் விடுதலை கொடுத்ததாகும் என்று நினைப்பாருண்டு. குற்றாலத்து மலைச்சரிவில் விடப்பட்ட வெள்ளை முயல் எங்கும் ஒளிய முடியாது. பல தலைமுறைகளாகக் கூண்டில் பிறந்து வளர்ந்த அதற்குக் கீரியையும் நரியையும் கழுகையும் அறிந்து ஒதுங்கும் பயிற்சி இல்லை. அதன் நோய்கள் காட்டுயிர்களுக்குப் பரவும் தீங்கும் உண்டு. இத்தகைய முயலைக் கண்டெடுத்தவர் அதற்கு வீடு கொடுப்பதே அறம்.

அவ்வாறு வீடு கொடுப்பது எளிதன்று. முயலின் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. நார் மிகுந்த புல்லை அரைத்து அரைத்தே அவை தேய வேண்டும். ஆகவே அதன் உணவில் பெரும்பகுதி புல்லும் உலர்புல்லுமாக இருத்தல் வேண்டும். அருகம்புல் இங்கே தாராளமாகக் கிடைக்கிறது. 'முயல் மசால்' என்று உழவர்கள் பெயரிட்டே வழங்கும் தீவனப் பயிரும் வேலிமசாலும் கல்யாண முருங்கை இலையும் முள்ளங்கித் தழையும் அளவோடு சேர்க்கலாம். படங்களில் முயலின் கையில் எப்போதும் காணப்படும் காரட்டு, இனிப்பு மிகுந்தது; அது எப்போதாவது கொடுக்கும் தின்பண்டமே. சோறும் பிஸ்கட்டும் பாலும் ஆகா. முயலால் வாந்தி எடுக்க இயலாது. குடலின் இயக்கம் நின்றால் அதற்கு வேறு வழியில்லை. அரைநாள் உண்ணாமல் இருந்தாலே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். இரவிலும் விடியலிலும் வெளிவரும் மென்மையான எச்சத்தை முயல் தானே தின்பதைக் கண்டு அருவருத்துத் தடுப்போர் உளர். ஒருமுறை செரித்த புல்லிலிருந்து மீண்டும் சத்துப் பெறும் இயற்கை ஏற்பாடு அது.

வெப்பம் முயலின் பெரும்பகை. அதற்கு வியர்ப்பதில்லை, நீண்ட செவிகளின் வழியாகவே உடல் வெப்பத்தை வெளியேற்றுகிறது. தென்காசியில் சித்திரை, வைகாசி நண்பகல்களில் தகரக் கூரையின்கீழ் வைத்த கூண்டு அதற்குக் கொலைக்களம். நிழலும் காற்றும் ஈரத்துணி சுற்றிய மண்பானையும் உயிர் காக்கும். ஆனித் தொடக்கத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியே சாரல் புகுந்ததும் மனிதருக்குப் போலவே முயலுக்கும் ஆறுதல் உண்டாகிறது. ஆனால் அப்போது வேறோர் இடர் நேர்கிறது. ஈரக்காற்றில் உலர்புல் பூசணம் பிடிக்கும். கூண்டின் தரை நசநசக்கும். சாரலில் மகிழும் வீட்டார் புல்லை முகர்ந்து பார்த்த பின்னரே போட வேண்டும்.

இவை யாவற்றிலும் கடினமானது முயலின் அச்சத்தைப் புரிந்துகொள்ளுதல். தூக்கி அணைக்கும்போது அசையாமல் இருப்பதைப் பலர் அன்பு என்று எண்ணுகிறார்கள். வேட்டையாடப்படும் உயிருக்கு உயரத்தில் தூக்கப்படுவது கழுகின் பிடியில் சிக்குவதற்கு ஒப்பாகும். அதன் அசைவின்மை திகில். திமிறி உதைத்தால் மெல்லிய முதுகெலும்பே முறியக்கூடும். தரையில் அமர்ந்து, அது தானாக வரும்வரை காத்திருப்பதே முயலோடு பழகும் முறை. நன்கு பேணப்பட்டால் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வரை வாழும். அத்தனை ஆண்டுகளும் காத்திருக்கத் தயாரானவரே அதனை ஏற்க வேண்டும்.

இத்தகைய காத்திருப்பைச் செய்துகாட்டிய கவிஞர் ஒருவர் உண்டு. ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர் 1731இல் பிறந்தவர். 1773இல் கடுமையான மனநோய்க்கு ஆளானார். நண்பர்களுடன் பேசவோ நூல்களில் மனம் செலுத்தவோ இயலாமல் ஓல்னி என்னும் சிற்றூரில் வாழ்ந்தார். 1774இல் பக்கத்து வீட்டுச் சிறுவர்கள் விளையாடிச் சலித்து, உணவின்றி வாடவிட்டிருந்த காட்டுமுயல் குட்டி ஒன்று அவர் கைக்கு வந்தது. செய்தி பரவியதும் மேலும் பல குட்டிகள் வந்தன, மூன்றை வைத்துக்கொண்டார். பஸ், டைனி, பெஸ் என்று பெயரிட்டார். பெயர்களுள் இரண்டு பெண்பாற் பெயர்கள் போன்றவை; மூன்றும் ஆண். தாமே அவற்றுக்குத் தனித்தனி அறைகள் செய்தார். எந்தக் கீரையை விரும்புகின்றன, எந்தத் தாளைத் தின்கின்றன என்று கவனித்துக் குறித்தார். அக்குறிப்புகளை 1784இல் 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' என்னும் இதழுக்கு ஒரு மடலாக எழுதினார்.

மூன்று முயல்களும் மூன்று விதமாக இருந்தன. பஸ் மடியில் ஏறி உறங்கும். நோயுற்றபோது கூப்பர் அதனைப் பிரித்து வைத்துப் பேணிக் காப்பாற்றினார். நலம் பெற்றதும் அது அவர் கையின் ஒவ்வொரு விரலையும் நக்கியது. பின்னர் அதனைத் தோட்டத்துக்குத் தூக்கிச் சென்று வெள்ளரிக்கொடியின் நிழலில் விடுவார். வெளியே போக வேண்டும் என்னும்போது அவர் முழங்காலில் கால்களால் தட்டி அழைக்கும். பதினோரு ஆண்டுகளும் பதினோரு மாதங்களும் வாழ்ந்து 1786இல் முதுமையால் இறந்தது. பெஸ் தொடக்கம் முதலே அச்சமற்றது. கழுவிய பெட்டி ஈரம் உலருமுன் அதனுள் விடப்பட்டதால் இளமையிலேயே இறந்தது. சாரல் பொழியும் ஊரில் வாழ்வோர் இந்தச் சாவை நினைவில் வைத்துக்கொள்ளுதல் நன்று.

மூன்றாவது டைனி. அதுவும் நோயுற்றது; அதற்கும் அதே பராமரிப்பு கிடைத்தது. ஆனால் நலம் பெற்றபின் தடவிக்கொடுக்கக் கை நீட்டினால் உறுமும், முன்னங்கால்களால் அடிக்கும், கடிக்கும். கடைசிவரை அது அவரை நெருங்க விடவில்லை. கூப்பர் அதன் சிடுசிடுப்பையும் மகிழ்ச்சியோடு ஏற்று எட்டு ஆண்டுகளுக்கும் மேலாக உணவளித்தார். அவர் எழுதிப் புகழ்பெற்ற முயல் இரங்கற்பா, கையை நக்கிய பஸ்ஸின்மீது பாடப்பட்டதன்று. கடித்த டைனியின்மீது பாடப்பட்டது.

கூப்பரின் காலமும் நாடும் வேறு. இன்று இந்தியாவில் காட்டுமுயலை அவர்போல் வீட்டில் வைப்பதற்கில்லை. ஆனால் அவருடைய மனநிலை வளர்ப்புமுயலைக் காக்க முன்வரும் எவருக்கும் தேவைப்படும். மீட்கப்பட்ட உயிர் நன்றி காட்ட வேண்டும் என்ற எதிர்பார்ப்புடன்தான் பலர் அதனை ஏற்கிறார்கள். துன்புறுத்தப்பட்டு வந்த முயல் மாதக் கணக்கில் மூலையில் ஒடுங்கியிருக்கும். சில முயல்கள் ஒருபோதும் மடிக்கு வருவதில்லை. அப்போது மனம் சலித்து, மீண்டும் வேறொருவரிடம் தள்ளிவிடும் நிலை உண்டாகிறது. கைம்மாறு கருதாத கடப்பாட்டை மழைக்கு உவமித்து உரைத்த வள்ளுவர் மரபில் வந்தவர்களுக்கு டைனியை ஏற்பது அரிதாக இருத்தலாகாது.

கவிஞர்களுக்கு இதில் இரண்டு பணிகள் உண்டு. ஒரே சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கும் இரண்டு உயிர்களையும் பிரித்துப் பெயரிட்டு வழங்குவது மொழிப்பணி. காட்டுமுயல், வளர்ப்புமுயல் என்று பேச்சிலும் எழுத்திலும் வேறுபடுத்தினாலே பல குட்டிகள் பிழைக்கும். மற்றது பார்வைப் பணி. கரிய பிடரியைக் கண்ட புலவரும், கன்றின் நடுங்கும் தலையைக் கண்ட வங்கனாரும் உயிரை உள்ளபடி பார்த்த பின்னரே பாடினார்கள். அவர்கள் வழியில் வருவோர் வயலோரத்தில் கிடக்கும் குட்டியை எடுக்கக் கை நீளும்போது ஒரு நொடி நிதானிக்கலாம். கோடையில் முன்றிலில் ஒரு சிறு மண்சட்டியில் நீர் வைக்கலாம். இடைக்காடனாரின் முயல் குடித்துவிட்டுப் போகட்டும். கைவிடப்பட்ட வளர்ப்புமுயல் வாசலுக்கு வந்தால் மட்டும் கதவைத் திறந்து உள்ளே சேர்த்துக்கொள்ள வேண்டும்.