அளந்து வைத்தவர்கள்

பணிக்காலம் முழுவதையும் வானிலைக் கருவிகளோடு கழித்த ஒருவரை அழைத்திருக்கிறீர்கள். ஆகவே பேச்சு புவி வெப்பமாதலைப் பற்றியதுதான். அதையும் அளவீட்டின் வழியாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பட்டங்கள் வழங்கும் இந்த மன்றத்தில், பட்டம் மறுக்கப்பட்ட ஒருவரை முதலில் நினைவுகூர வேண்டும். அன்னா மணி. 1918இல் திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்தவர். எட்டாவது பிறந்தநாளுக்குப் பெண் குழந்தைகளுக்கு வைரத் தோடு போடுவது அந்தக் குடும்பத்து வழக்கம். தோடு வேண்டாம், பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம்தான் வேண்டும் என்று அந்தச் சிறுமி கேட்டு வாங்கிக்கொண்டாள். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தபோது அவர் கைக்கு வந்தவை வைரங்களும் மாணிக்கங்களும்! அவற்றின் நிறமாலையைப் படத்தகட்டில் பதிவு செய்யப் பதினைந்து, இருபது மணி நேரம் பிடிக்கும். பல இரவுகள் ஆய்வுக்கூடத்திலேயே கழிந்தன. 1942 முதல் 1945 வரை தனியாக ஐந்து கட்டுரைகளை வெளியிட்டார், முனைவர் பட்ட ஆய்வேட்டையும் சமர்ப்பித்தார். எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்று சொல்லி முனைவர் பட்டம் தரவில்லை. அந்த ஆய்வேடு இன்றும் ராமன் ஆய்வுக் கழக நூலகத்தில் இருக்கிறது.

அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அதே 1945இல் உதவித்தொகை பெற்று லண்டன் போனார். இயற்பியல் படிக்க ஆசை. ஆனால் கிடைத்ததோ வானிலைக் கருவிகள் குறித்த பயிற்சி. அதையே கற்றுக்கொண்டு 1948இல் புனே வானிலைத் துறையில் சேர்ந்தார். காற்றழுத்தமானிகூட பிரிட்டனிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய காலம் அது. சுமார் நூறு கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தி, அவற்றை இங்கேயே செய்ய வழி வகுத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்கள் வேலை பார்த்த பட்டறைக்கு ஒரு பெண் தலைமை! தவறாக அளப்பதைவிட அளக்காமல் இருப்பதே மேல் என்பதில் அவர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

1957-58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டாக அறிவிக்கப்பட்டபோது, இந்தியாவின் பல ஊர்களில் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை அன்னா மணி அமைத்தார். அதே திட்டத்தின் கீழ் பசிபிக் பெருங்கடலின் நடுவே, ஹவாய் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் இன்னொரு கருவி இயங்கத் தொடங்கியது. அதை வைத்தவர் சார்லஸ் டேவிட் கீலிங். 1958 மார்ச்சில் அது காட்டிய கரியமில வாயுவின் அளவு, காற்றின் பத்து லட்சம் பங்கில் 313. வடகோளக் காடுகள் தளிர்க்கும் பருவத்தில் அளவு இறங்கியது, இலை உதிர்ந்தபின் ஏறியது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் சென்ற ஆண்டைவிடச் சற்று மேலேதான் போய் நின்றது. 1964இல் நிதி வெட்டால் சில மாதங்கள் அளவீடு நின்றுபோனது. அந்த இடைவெளியை இன்றும் வரைபடத்தில் பார்க்கலாம். கீலிங் 2005இல் மறைந்தார். அவர் மகன் ரால்ஃப் அந்தப் பணியைத் தொடர்கிறார். 2025 மே மாதச் சராசரி 430ஐத் தாண்டியது. அண்டார்டிக் பனிக்கட்டிக்குள் அடைபட்ட பழங்காற்றைச் சோதித்ததில், தொழிற்புரட்சிக்கு முந்தைய எட்டு லட்சம் ஆண்டுகளில் இந்த அளவு 300ஐத் தாண்டி நிலைத்ததாகச் சான்று இல்லை.

இந்த ஏற்றம் இயற்கையாகவே நடப்பதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான், பதிலும் இருக்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் பல கோடி ஆண்டுகள் புதைந்து கிடந்தவை. காலப்போக்கில் சிதைந்துபோகும் கார்பன்-14 அவற்றில் எஞ்சியிருக்காது. அவற்றை எரிக்க எரிக்க, காற்றிலுள்ள கரியமில வாயுவில் கார்பன்-14இன் பங்கு நீர்த்துப்போகிறது. விஞ்ஞானி ஹான்ஸ் சூஸ் இதை 1955லேயே காட்டினார். புவி சூடாவதற்குச் சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடேற வேண்டும். ஆனால் கீழடுக்கு சூடாகும்போதே மேலே அடுக்கு மண்டலம் குளிர்ந்து வருகிறது. வெப்பத்தைக் கீழேயே பிடித்துவைக்கும் கரியமில வாயு போன்றவை பெருகினால்தான் இப்படி நடக்கும்.

இந்த இடத்தில் ஒரு பழைய நினைவு. எங்கள் கல்லூரி மைதானத்தின் மூலையில் வெள்ளை அடித்த மரக்கூண்டு ஒன்று நின்றது. உள்ளே வெப்பமானிகள். காலை எட்டரைக்கு அளவெடுக்கும் முறை வரும்போது மாணவர்கள் அலுத்துக்கொள்வோம். அங்கிருந்த வயதான உதவியாளர் விடமாட்டார். “தம்பி, கண்ணைப் பாதரச மட்டத்துக்குக் கொண்டு வா. மேலேயிருந்து பார்த்தா ஒண்ணு, கீழேயிருந்து பார்த்தா ஒண்ணு காட்டும்” என்பார். அவர் பள்ளிப்படிப்பைத் தாண்டாதவர். நோட்டில் அவர் எழுதிய எண்களின் மேல் ஓர் அடித்தல்கூட இருக்காது. உலகின் சராசரி வெப்பநிலை என்று இன்று விஞ்ஞானிகள் சொல்வது, இப்படிப்பட்ட ஆயிரமாயிரம் பேர் எழுதிவைத்த நோட்டுகளின் கூட்டுத்தொகை. அவர்கள் பெயர் எந்த அறிக்கையிலும் வராது.

அந்தக் கூட்டுத்தொகை சொல்வது இதுதான். 2024ஆம் ஆண்டின் சராசரி, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஏறத்தாழ 1.55 டிகிரி செல்சியஸ் அதிகம் என்று உலக வானிலை அமைப்பு கணித்தது. பதிவு தொடங்கிய நாளிலிருந்து அதுவே மிக வெப்பமான ஆண்டு. கூடுதல் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. செயற்கைக்கோள் அளவீடு தொடங்கிய 1993ஐ ஒட்டிய ஆண்டுகளோடு ஒப்பிட்டால், கடல் மட்டம் உயரும் வேகம் இப்போது இரு மடங்கு. மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் பவளப்பாறைகள் வெளிறின. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் ஏழு சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். பெய்தால் கொட்டித் தீர்ப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. கட்டடம் கட்டுபவரும், சாலை போடுபவரும், உப்பளத்தில் நிற்பவரும் வெயிலில்தான் பிழைக்கிறார்கள். இந்த அரங்கிலுள்ள பெற்றோர்களிலும் அப்படிப் பலர் இருப்பார்கள்.

தீர்வே இல்லையோ என்று சோர்ந்துவிட வேண்டாம். அண்டார்டிகாவின் ஹாலி நிலையத்தில் பிரிட்டன் விஞ்ஞானிகள் அந்தப் புவி இயற்பியல் ஆண்டிலிருந்தே ஓசோனை அளந்து வந்தார்கள். அந்தத் தொடர் பதிவு இருந்ததால்தான் 1985இல் ஓசோன் படலத்தின் ஓட்டை பிடிபட்டது. இரண்டே ஆண்டுகளில், ஓசோனை அரிக்கும் குளிர்பதன வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது, பின்னர் உலக நாடுகள் அனைத்தும் அதை ஏற்றன. ஓசோன் படலம் மெல்ல மீண்டு வருகிறது. இந்தியாவின் ஓசோன் அளவீட்டுக் கருவியை 1960களில் உருவாக்கிய குழுவுக்கும் தலைவர் அன்னா மணிதான்.

கரியமில வாயு அதைவிடக் கடினமான சிக்கல். குளிர்பதன வாயுவை மாற்றினால் போதும் என்ற கதை இல்லை. சிமென்ட், உரம், லாரி, விளக்கு எல்லாவற்றிலும் நிலக்கரியோ எண்ணெயோ இருக்கிறது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. இருந்தும் மாற்று வழிக்கான அடித்தளத்தையும் ஓர் அளவீட்டாளரே போட்டார். அன்னா மணி 1980இல் இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சுத் தரவுகளை ஒரு கையேடாக்கினார். 1976இல் ஓய்வு பெற்ற பிறகும் ஓயாமல், பெங்களூருவிலிருந்து நாடெங்கும் காற்றின் வேகத்தை அளக்கும் பணியை நடத்தினார். எந்த ஊரில் எந்த மாதம் எவ்வளவு காற்று என்று தெரியாமல் யாரும் காற்றாலைக்குப் பணம் போடமாட்டார்கள். 1986இல் தூத்துக்குடி அருகே 55 கிலோவாட் காற்றாலைகள் சுழன்றன. பிறகு ஆரல்வாய்மொழி கணவாயும் முப்பந்தலும் வந்தன. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல்.

ஆனாலும் காற்று ஆடியில் அடிப்பதுபோல் ஐப்பசியில் அடிப்பதில்லை. சூரியன் மறையும் நேரத்தில்தான் வீடுகளில் விளக்கெரிகிறது. ஆகவே மின்சாரத்தைச் சேமிப்பதே இனி தலையாய வேலை. உபரி மின்சாரத்தால் தண்ணீரை மேலேற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் கடம்பாறை நிலையம் 1980களின் இறுதியிலிருந்தே ஆனைமலையில் இயங்குகிறது. அதைப் போன்றவை பல வேண்டும், மலிவான பேட்டரிகள் வேண்டும், வெயிலை உள்ளே விடாத கூரைகள் வேண்டும். இவற்றையெல்லாம் செய்யப்போவது உங்கள் தலைமுறை.

பொறியாளராகப் போகிறவர்கள் கட்டடம் கட்டும்முன் அந்த ஊரின் மழைப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். வேளாண் பட்டதாரிகள் கிணற்று நீரின் உப்பை மாதந்தோறும் குறித்து வையுங்கள். அரசுப் பணிக்குப் போகிறவர்கள் தரவைப் பூட்டி வைக்காமல் மக்கள் பார்வைக்குத் தாருங்கள். ஆசிரியராகப் போகிறவர்கள் பள்ளியில் ஒரு மழைமானியாவது நிறுத்தி, பிள்ளைகள் கையால் எழுத வையுங்கள். செலவைக் குறைக்க அளவீட்டை நிறுத்தலாம் என்று யாராவது கோப்பு அனுப்பினால், அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.