பயிற்சிப் படங்களை இறுவட்டிற் பதித்து வீட்டுத் தொலைக்காட்சியிற் பார்க்கும் முறை

(யாழ்ப்பாணக் குடாநாட்டு நெல், மரக்கறிச் செய்கையாளர் கூட்டத்திலே விவசாயப் போதனாசிரியர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



சென்ற மாரியிலே வெங்காயத்தின் திருகல் நோயைப் பற்றி இவ்விடத்திற் படங்கள் காட்டிப் பேசினேன். கூட்டம் முடிந்தபின் முதியவர் ஒருவர் என்னிடம் வந்து, "தம்பி, நீர் காட்டினது வடிவாய் விளங்கினது. வீட்டை போனால் மறந்துபோகும். ரீவியிலை போட்டுப் பாக்கிற மாதிரி ஒரு சீடியிலை தாருமன்" என்றார். பின்னர் வேறு பலரும் அதனையே கேட்டனர். ஆகையால் இன்று பயிரைப் பற்றியன்றிப் பயிர்ப் படங்களை இறுவட்டிற் பதிக்கும் முறையைப் பற்றிப் பேச முன்வந்தேன். நீங்களே கணினியின் முன் அமரவேண்டுமென்பதில்லை. உங்கள் மகனோ மகளோ பேரப்பிள்ளையோ இதனைச் செய்துதர வல்லர். ஆயினும் அவர்கள் செய்து தந்ததில் எவற்றைச் சோதிக்கவேண்டும் என்பதை நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும். தெளிகருவியைத் தோளிற் சுமப்பவர் நீங்களேயன்றோ?

கைத்தொலைபேசி இருக்க இறுவட்டு எதற்கு என்று இளைஞர் சிலர் நகைக்கலாம். உள்ளங்கையளவு திரையிலே நெல்லின் பனிப்பூச்சி தாக்கிய இலைநுனியை அறுபது வயதுக் கண்கள் காணமாட்டா. மேலும், தொலைபேசிப் படத்தை ஒருவரே பார்க்கலாம்; தொலைக்காட்சியைக் குடும்பமே பார்க்கும். களை பிடுங்குபவரும் நாற்று நடுபவரும் பெரும்பாலும் பெண்கள். கூட்டத்துக்கு வருபவரோ பெரும்பாலும் ஆண்கள். படம் வீட்டுக்குப் போவதே இதற்குப் பரிகாரமாகும். பழைய இறுவட்டுப் பெட்டிகள் எத்தனையோ வீடுகளிலும் சனசமூக நிலையங்களிலும் இன்னும் பழுதின்றி இருக்கின்றன.

முறையைக் கூறுமுன் ஒரு தவற்றைக் கூறுதல் வேண்டும். அஃது என்னுடைய தவறு. வவுனியாவிலே விவசாயப் பாடசாலையிற் பயின்று வெளியேறிச் சில ஆண்டுகளே கழிந்திருந்த காலம். வெங்காய நோய்களைப் பற்றி நானே படங்கள் ஆக்கி, அவற்றை இறுவட்டிற் பதித்து, கோப்பாய்ப் பக்கத்துக் கமக்காரர் சிலருக்குக் கொடுத்தேன். அதில் ஓர் அட்டவணை இருந்தது. நோயின் பெயர் முதல் நிரலிலும், பங்கசுநாசினியின் பெயர் அடுத்த நிரலிலும், 10 லீற்றர் நீருக்குச் சேர்க்கவேண்டிய கிராம் அளவு வலப்பக்கத்துக் கடைசி நிரலிலும் இருந்தன. நான் எழுதிய அளவு 20. சில வாரங்களின் பின் ஒரு தோட்டத்துக்குச் சென்றபோது, இரண்டு பரப்பு வெங்காயத்திற் பாதிக்கு மேல் இலை திருகி வீழ்ந்திருந்தது. மருந்து அடிக்கவில்லையா என்று வினாவினேன். "இரண்டு தரம் அடிச்சிட்டன். நீர் தந்த சீடியிலை இரண்டு கிராம் எண்டுதான் கிடக்கு" என்றார் அவர். வீட்டுக்குச் சென்று இறுவட்டைப் போட்டுப் பார்த்தோம். அவர் சொன்னது மெய். திரையின் விளிம்பு பூச்சியத்தை விழுங்கிவிட்டது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். வெங்காயம் மன்னிப்பால் மீளவில்லை. வலப்பக்கத்துக்குப் பதிலாக இடப்பக்கம் வெட்டுண்டு, 0.5 என்னும் அளவு 5 என்று தோன்றியிருப்பின் என்ன நேர்ந்திருக்கும் என்பதை இன்றும் எண்ணிப் பார்ப்பதுண்டு.

ஏன் இவ்வாறு நேர்ந்தது? கணினித் திரை படத்தை முழுமையாகக் காட்டும். பழைய குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டியோ படத்தைத் திரையின் முகத்திலும் சற்றுப் பெரிதாக விரித்தே காட்டும். மின்னழுத்தம் குறையும்போதும் பெட்டி பழையதாகும்போதும் படம் சிறிது சுருங்கும். அப்போது ஓரங்களிற் கறுப்பு விளிம்பு தெரியாதிருக்கும் பொருட்டு, பெட்டியைச் செய்தோர் அவ்வாறு அமைத்தனர். அதனால் நான்கு ஓரங்களிலும் நூற்றுக்கு ஐந்து வீதமளவும், சில பெட்டிகளில் அதனினும் கூடுதலாகவும், படம் மறைந்துபோகும். இக்காலத் தட்டைத் திரைகளிலும் பல, தொழிற்சாலை அமைப்பை மாற்றாவிடின், ஓரத்தை வெட்டியே காட்டுகின்றன.

ஆகையால் ஒவ்வொரு படவில்லையிலும் (பிள்ளைகள் இதனைச் சிலைட் என்பர்) நான்கு பக்கமும் பத்திலொரு பங்கு இடத்தை வெறுமையாக விடுதல் வேண்டும். பழைய 4:3 அளவுப் படவில்லை 25.4 சென்ரிமீற்றர் அகலமும் 19.05 சென்ரிமீற்றர் உயரமும் உடையது. இதில் இடமும் வலமும் இரண்டரைச் சென்ரிமீற்றரும், மேலும் கீழும் இரண்டு சென்ரிமீற்றரும் விட்டாற் போதும். வேலியோரத்தில் நட்ட கத்தரியை மாடு மேய்வது போன்றதே இதுவும். அளவுகளும் எண்களும் நடுவிலேயே நிற்கட்டும்.

இரண்டாவது இடர் எழுத்தின் பருமன். நம் நாட்டின் தொலைக்காட்சி 1979 இல் தொடங்கியது. ரூபவாகினி 1982 இல் ஒளிபரப்பத் தொடங்கிற்று. இங்கே பின்பற்றப்பட்டது பால் எனப்படும் முறை. அம்முறையில் ஆக்கிய டிவிடி இறுவட்டின் படம் 576 கிடைக்கோடுகளால் அமைவது. இன்றைய கணினித் திரைகளிற் பெரும்பாலானவை 768 அல்லது 1080 கோடுகள் கொண்டவை. எனவே கணினியிற் கூர்மையாகத் தோன்றிய சிறிய எழுத்து, தொலைக்காட்சியிற் கரைந்துபோகும். நம் தமிழெழுத்துக்கு இதனால் வரும் கேடு பெரிது. மெய்யெழுத்தின் மேற்புள்ளி மறையும். ணகரமும் னகரமும் ஒன்றுபோலாகும். இவற்றைப் பொருளறிந்து வாசித்துக்கொள்ளலாம். தசமப் புள்ளி மறைந்தாலோ பொருளறிந்தும் பயனில்லை, 1.5 என்பது 15 ஆகிவிடும். ஆகவே மருந்தின் அளவை எண்ணால் எழுதுவதோடு நில்லாது, "ஒன்றரை மில்லிலீற்றர்" என்று எழுத்தாலும் எழுதுவித்தல் வேண்டும். ஒரு படவில்லையில் ஆறு வரிகளுக்கு மேல் வேண்டா. பச்சை இலையின் படத்தின்மேற் சிவப்பு எழுத்துப் பொறித்தால் அது பரவி மங்கும். கருநீலத்தின்மேல் வெள்ளை அல்லது மஞ்சள் எழுத்துத் தெளிவாக நிற்கும். மயிரிழை போன்ற கிடைக்கோடுகள் பழைய பெட்டியில் நடுங்கும். அட்டவணைக்குக் கோடு வேண்டுமாயின் தடித்த கோடாக இடுக.

இனி ஆக்கும் முறையைக் கூறுவேன். பலர் செய்யும் பிழை யாதெனில், பவர்பொயின்ற் கோப்பை அப்படியே இறுவட்டிற் பிரதி செய்துவிடுவதாகும். அவ்விறுவட்டைக் கணினி வாசிக்கும்; வீட்டு டிவிடி பெட்டி வாசிக்காது. நம் திணைக்களமும் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே பயிர்களைப் பற்றிய நல்ல இறுவட்டுகளை வெளியிட்டு, கமநல சேவை நிலையங்கள் சிலவற்றிற் கணினிகளையும் வைத்தது. அவ்விறுவட்டுகளும் கணினிக்கென்றே ஆக்கப்பட்டவை. தொலைக்காட்சியிற் பார்ப்பதற்குப் படக்காட்சியை முதலில் வீடியோவாக மாற்றி, அதன்பின் டிவிடி வீடியோ வடிவத்திற் பதிக்கவேண்டும்.

பவர்பொயின்ற் 2010 ஆம் ஆண்டுப் பதிப்பு முதலாக, படக்காட்சியை வீடியோவாகச் சேமிக்கும் வசதி அதிலேயே உண்டு. 2013 ஆம் ஆண்டுப் பதிப்பிலும் பின்வந்தவற்றிலும் 'ஃபைல்' பட்டியலில் 'எக்ஸ்போர்ட்' என்பதன்கீழ் 'கிரியேற் எ வீடியோ' என்று இருக்கும். வீடியோ எம்பி4 கோப்பாக வெளிவரும். நேரம் ஒன்றும் குறியாவிடில், ஒவ்வொரு படவில்லையும் 5 விநாடியில் மாறிவிடும். ஐந்து விநாடியில் யார் வாசிப்பார்? இரண்டு முறை நிறுத்தி வாய்விட்டு வாசிக்க எவ்வளவு நேரம் செல்லுமோ அவ்வளவு நேரம் கொடுத்தல் வேண்டும். இலைப் படமாயின் 15 விநாடியும் அட்டவணையாயின் 30 விநாடியும் கொடுப்பது என் வழக்கம். இதனினும் சிறந்தது குரலைப் பதித்தலாகும். கணினியின் ஒலிவாங்கியிலே ஒவ்வொரு படத்துக்கும் விளக்கத்தைப் பேசிப் பதித்தால், படம் பேச்சு முடியும்வரை நிற்கும். மருந்தின் பெயரையும் அளவையும் இரண்டு தரம் சொல்லுக. கண்ணாடியின்றி வாசிக்க முடியாதவருக்கும் அடுக்களையில் நின்று கேட்பவருக்கும் அது போய்ச் சேரும்.

எழுத்துருவைப் பற்றியும் ஒரு சொல். நம்மவர் பலர் பாமினி எழுத்துருவிலேயே தட்டெழுதுகின்றனர். பாமினி இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால், தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தோன்றும். பிறர் தந்த கோப்பை வீடியோவாக மாற்றுமுன் ஒவ்வொரு படவில்லையையும் திறந்து பார்த்து, எழுத்துச் சிதைந்திருந்தால் எழுத்துருவை நிறுவியபின் மாற்றுக. ஒருமுறை வீடியோவானபின் எழுத்தும் படமாகிவிடுவதால், அதன்பின் எந்தப் பெட்டியிலும் சிதையாது. இஃது இவ்வழியின் நற்பயன்களுள் ஒன்று.

வீடியோவை டிவிடி வடிவுக்கு மாற்ற, டிவிடி ஸ்ரைலர் என்னும் இலவச மென்பொருள் உண்டு. அது தொடக்கத்திலே பாலா, என்ரிஎஸ்சியா என்று கேட்கும். பால் என்பதையே தெரிவு செய்க. அடுத்துப் படத்தின் வடிவைக் கேட்கும். உங்கள் வீட்டில் இருப்பது குழாய்ப் பெட்டியாயின் 4:3. தட்டைத் திரையாயின் 16:9. படவில்லைகளையும் தொடக்கத்திலேயே அவ்வடிவில் ஆக்கியிருத்தல் வேண்டும். அகன்ற படத்தைப் பழைய பெட்டியிற் போட்டால், மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து எழுத்துச் சிறுக்கும். பெட்டியின் அமைப்பு வேறாக இருப்பின் இரு பக்கமும் வெட்டுண்ணும்; என் பூச்சியம் போன வழியே பிறவும் போகும். 4.7 கிகாபைற்று இறுவட்டொன்று ஏறத்தாழ இரண்டு மணி நேரக் காட்சியைக் கொள்ளும். நமக்கு அரைமணியே மிகுதி. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் இறுவட்டுச் செருகும் வாய் இல்லை. வெளியே பொருத்தும் பதிகருவி ஒன்று வேண்டும். பதிக்கும் வேகத்தைக் குறைத்து வைத்தல் பழைய பெட்டிகளுக்கு நன்று.

பெட்டியிலே பென்ட்ரைவ் செருகும் துளை இருப்பின் இறுவட்டு வேண்டியதில்லை. எம்பி4 கோப்பையே ஓட்டிப் பார்க்கலாம். எனினும் ஓரம் வெட்டுண்பதும் புள்ளி மறைவதும் அங்கும் நிகழக்கூடும்.

ஆக்கியதைக் கணினியிற் பார்த்து மகிழ்ந்துவிட்டு ஊருக்குக் கொடுத்தலாகாது. ஊரிலுள்ள பெட்டிகளுள் மிகப் பழையது எதுவோ அதிலே முதலிற் போட்டுப் பார்க்கவேண்டும். நான் இப்போது குழாய்ப் பெட்டியொன்றை வீட்டில் வைத்திருக்கிறேன். அதனை விற்றுவிடும்படி வீட்டார் சொல்வதுண்டு, நான் இணங்கவில்லை.

பார்க்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. இந்தியாவிலே 2006 இல் பெங்களூரில் மைக்ரோசொஃப்ட் ஆய்வுநிலையத்தில் டிஜிட்டல் கிரீன் என்னும் முயற்சி தொடங்கியது. அவ்வூர்க் கமக்காரரையே படமெடுத்து, தொலைக்காட்சிப் பெட்டியையும் டிவிடி பெட்டியையும் கிராமத்துக்குக் கொண்டுசென்று, சிறு கூட்டமாக இருத்திக் காட்டினர். படத்தை ஓடவிட்டு ஒதுங்காமல், ஒருவர் அருகில் நின்று இடையிடையே நிறுத்தி, கண்டது என்ன, உங்கள் நிலத்தில் இது நடக்குமா என்று வினாவினார். நீங்களும் றிமோட்டைக் கையில் வைத்திருந்து, அளவு வரும் இடத்தில் நிறுத்தி, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை மருந்துப் போத்தலின் சுட்டியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறுபட்டால் தெளித்தலை நிறுத்தி, 1920 என்னும் இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். அல்லது என்னைக் கேளுங்கள்.

மற்றொன்று. இறுவட்டிற் பதித்ததைத் திருத்த முடியாது. பரிந்துரைகளோ மாறுகின்றன. களைநாசினியான கிளைபொசேற்று 2015 இல் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. 2018 இல் தேயிலை, இறப்பர்ச் செய்கைகளுக்கு மட்டும் தடை தளர்த்தப்பட்டது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை விலக்கப்பட்டது. 2014 இல் ஆக்கிய இறுவட்டு இவற்றுள் ஒன்றையும் அறியாது. அன்று சொன்னதையே இன்றும் சொல்லிக்கொண்டிருக்கும். ஆகையால் முதற் படவில்லையில் ஆக்கிய மாதத்தையும் ஆண்டையும் பெரிதாகப் பொறித்தல் வேண்டும். இறுவட்டின் முகத்திலும் மென்முனை மார்க்கர் பேனாவால் எழுதுக. குமிழ்முனைப் பேனா கீறிவிடும். ஒட்டிய தாள் சுழலும்போது ஆட்டம் கொடுக்கும். நோயைக் காட்டும் படங்களையும் மருந்தின் அளவுகளையும் வெவ்வேறு இறுவட்டிற் பதித்தால் இன்னும் நன்று. எரிபந்த நோயின் புள்ளி பத்தாண்டு கழிந்தாலும் அதே வடிவினதாகவே இருக்கும். அளவு இறுவட்டை மட்டும் போகந்தோறும் புதிதாக்கிக்கொள்ளலாம். பழையதை முறித்து எறிந்துவிடுங்கள். அலுமாரியிற் கிடந்தால் எவரேனும் எடுத்துப் போடுவர்.

வரும் மாரி வெங்காயத்துக்கான படங்களை இம்முறைப்படி ஆக்கத் தொடங்கியுள்ளேன். பிரதி வேண்டுவோர், வீட்டிலிருப்பது குழாய்ப் பெட்டியா தட்டைத் திரையா, டிவிடி பெட்டியா பழைய விசிடி பெட்டியா, பென்ட்ரைவ் துளை உண்டா என்பவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். விசிடி பெட்டியின் படம் டிவிடியிலும் பாதிக் கோடுகளே கொண்டது. அவ்வாறு எழுதித் தருவோருக்கு எழுத்தை இன்னும் பெரிதாக்கி வேறாகப் பதித்துத் தருவேன்.